மூணாம் நம்பர் அக்காவின் வியாழக்கிழமைகள்

பயத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள். பயம் வந்தால் நெஞ்சு ஏன் படபடக்கிறது, உள்ளங்கை ஏன் வியர்க்கிறது, மூச்சை எப்படி நிதானமாக இழுத்து விட வேண்டும் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னாள். அந்த மகராசிக்கே, தனியாக ஓர் அறை எடுத்துப் போர்டு மாட்டிய பிறகு, மாடிப்படியில் யாராவது கால் வைத்தால் வயிற்றில் புளியைக் கரைத்தது. யாருமே கால் வைக்காவிட்டால் இன்னும் அதிகமாகக் கரைத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூணாம் நம்பர் அக்கா என்று பெயர். மூன்றாம் எண் அறையில் இருந்ததால் வந்தது. மனநல ஆலோசகர் என்று கதவில் எழுதியிருந்ததை ஒருத்தரும் படித்ததில்லை. "மூணாம் நம்பர்ல போய் பேசிட்டு வாங்க" என்றால் முடிந்தது. பக்கத்து அறையில் மனநல டாக்டர் இருந்தார். யாராவது வில்லங்கமாக எதையாவது சொன்னால் நடுவில் இருந்த கதவைத் தட்டினால் போதும், அவர் எழுந்து வந்துவிடுவார். வருகிறவர் யார், வீடு எங்கே, அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் கீழே வரவேற்பில் இருந்தவர்களே எழுதி அனுப்பிவிடுவார்கள். அவள் வேலை கேட்பதும் பேசுவதும்தான். இதெல்லாம் எவ்வளவு பெரிய சுகம் என்று அங்கே இருந்தவரை அவளுக்குத் தெரியவில்லை. இனி ஆளுக்குப் பத்து நிமிடம்தான் என்று நிர்வாகம் கறாராகச் சொன்ன அன்று, "பத்து நிமிஷத்துல ஒருத்தர் அழுதுகூட முடிக்க மாட்டாரே!" என்று சண்டை போட்டுவிட்டு வேலையை விட்டாள், நாற்பத்தேழு வயதில். துணிச்சல்காரிதான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

புது அறை ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, அதன்மேல் கண்ணீர் துடைக்கக் காகிதப் பெட்டி. வந்தவருக்குப் பின்னால் சுவரில் கடிகாரம். நேரம் அவளுக்குத் தெரிய வேண்டும், அவள் நேரம் பார்ப்பது அவருக்குத் தெரியக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடுக்கதவு மட்டும் இல்லை. தட்டினால் அந்தப் பக்கம் தெருதான்.

ஆலோசகர்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. தனியாகத் தொழில் தொடங்குகிறவர் முதல் வருடம் முழுக்க, ஏற்கெனவே தனியாக நடத்துகிற ஒருவரிடம் வாரம் ஒரு மணி நேரம் போய் உட்கார வேண்டும். நடந்ததைச் சொல்ல வேண்டும், சிக்கலைக் கேட்க வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதால் வைத்த விதி. சங்கம் அவளுக்குக் கொடுத்த வழிகாட்டி ஒரு பெண். அவளைவிட ஒன்பது வயது சின்னவள். தலைமுடியைக் காதோடு வெட்டியிருந்தாள், பேசும்போது பேனாவைக் கடித்தாள், எடுத்த எடுப்பிலேயே "அக்கா" என்றாள்.

"பொடிசு எனக்குப் பாடம் சொல்லுமாம்!" என்று அன்று வீட்டில் பொருமினாள்.

அவள் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "போய் உக்காந்துட்டு வா. நான் என்னைவிட இருபது வயசு சின்ன தலைமையாசிரியர்கிட்ட தினமும் கைகட்டி நிக்கலையா?" என்று சிரித்தார். வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் குட்டைமுடி என்று பெயர் வைத்தாயிற்று.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் குட்டைமுடியின் அறை. முதல் வாரமே அவள் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். புதிதாக வருகிறவர்கள் நிரப்ப வேண்டியது. அதில் கடைசிக் கேள்வி இது: உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் நான் யாருக்குப் போன் செய்யலாம்? மூணாம் நம்பர் அக்கா அதைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் தனக்கென்று ஒரு படிவம் அடித்தாள். கடைசிக் கேள்வியை எடுத்துவிட்டாள். மாடிப்படி ஏறி வருவதே அபூர்வம், வந்தவரிடம் முதல் நாளே உயிர், ஆபத்து என்று கேட்டால் அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட மாட்டாரா? இதுதான் அவள் நியாயம். எடுத்ததைக் குட்டைமுடியிடம் சொல்லவும் இல்லை.

இன்னொரு திருகுதாளமும் செய்தாள். வாராவாரம் போய் நல்லதாக நடந்ததை மட்டும் சொன்னாள். பரீட்சை பயம் போன மாணவி, மாமியாரோடு சமாதானமான மருமகள். பாதியில் எழுந்து போனவரைப் பற்றியும், ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் இருந்துவிட்டுப் போனவரைப் பற்றியும் மூச்சு விடவில்லை. வைத்தியரிடம் போய் வலிக்காத பல்லைக் காட்டுகிற கதைதான். இத்தனை வருட அனுபவத்தில் இது தெரியாதா என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. இவளே கேட்டுக்கொண்டு இவளே பயந்தாள்.

நான்காவது மாதம் லிப்ட்காரர் வந்தார். ஐம்பது வயது, லிப்ட் பழுது பார்க்கிற வேலை. தூக்கம் வரவில்லை என்றார். மனைவி இறந்து இரண்டு வருடம், பிள்ளை இல்லை, வீட்டில் தனியாக இருக்கிறார். நல்ல பேச்சுக்காரர். லிப்டில் சிக்கியவர்களிடம் வெளியே இருந்து எப்படிப் பேசுவார் என்று நடித்துக் காட்டுவார். "பதறாதீங்க, காத்து வந்துகிட்டுதான் இருக்கும், நான் இங்கயேதான் நிக்கறேன்" என்று. அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆறு வாரம் தவறாமல் வந்த ஒரே ஆள் அவர்தான். செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குப் படியில் அந்தக் கனமான செருப்புச் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு மூச்சே வரும். தேறுகிறாரா என்றால், அதுதான் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் கூடிக்கொண்டே போனது.

ஏழாவது செவ்வாய்க்கிழமை அவர் முடிவெட்டி, சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"நேத்து நல்லா தூங்கினேன் மேடம். மனசு லேசாயிடுச்சு. ரெண்டு வருஷமா போட்டது போட்டபடி கிடந்த வீட்டை ஒழுங்கு பண்ணிட்டேன். மீன் தொட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன். என் டூல்ஸ் பையைக்கூட கூட வேலை செய்யறவனுக்குக் கொடுத்தாச்சு."

அவளுக்கு வாயெல்லாம் பல். "ரொம்ப சந்தோஷமா இருக்குங்க!" என்றாள். மணி ஆனதும் அவர் எழுந்து, கதவருகே போய், கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த வாரம் இதே நேரமா என்று கேட்டாள். "தேவைப்பட்டா போன் பண்றேன் மேடம். நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவள் குறிப்பேட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள். வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள், பாவி.

வியாழக்கிழமை குட்டைமுடியின் அறையில் இந்த வெற்றியை விலாவாரியாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"அந்த டூல்ஸ் பையை ஏன் கொடுத்தாராம்க்கா?"

"மனசு லேசாயிடுச்சுன்னார்."

"வேலையை விட்டுட்டாரா?"

"இல்ல. அவருக்கு இன்னும் எட்டு பத்து வருஷம் சர்வீஸ் இருக்கு."

"அப்போ நாளைக்கு எதை வெச்சு லிப்டைக் கழட்டுவார்?"

அவள் குறிப்பேட்டைத் திறந்து, கோடு போட்ட அந்த வரியைப் பார்த்தாள்.

"அக்கா, நேரா கேட்டீங்களா?"

எதை என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. சாகணும்னு தோணுதா என்ற அந்த ஒரு கேள்வியை மூன்றாம் எண் அறையில் அவள் ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பாள். எத்தனையோ நாள் வாடிக் கிடந்தவர் ஒரே நாளில் தெளிந்து வந்து, ஆசையாய் வைத்திருந்ததை எல்லாம் ஊருக்குக் கொடுத்தால் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். விரல்விட்டு எண்ணினாள். செவ்வாய், புதன், வியாழன். கிட்டத்தட்ட இரண்டு நாள் போய்விட்டது.

"போன் போடுங்க" என்றாள் குட்டைமுடி.

போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி போட்டாள். அதேதான்.

"வேற யார் நம்பர் இருக்கு? படிவத்துல கடைசி கேள்விக்கு என்ன எழுதியிருக்கார்?"

இந்த இடத்தில் பூமி பிளந்தால் அவள் உள்ளே போயிருப்பாள். "அந்தக் கேள்வி என் படிவத்துல இல்ல" என்றாள். "நான் எடுத்துட்டேன். பயந்து ஓடிடுவாங்கன்னு."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள். திட்டு வரவில்லை. குட்டைமுடி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நாலு மணிக்கு வர வேண்டியவருக்குப் போன் செய்து இன்று முடியாது என்றாள். "சரி. அவரைப் பத்தி என்னென்ன தெரியும், எல்லாத்தையும் கொட்டுங்க. வீடு எங்க? எந்த கம்பெனி?"

வீடு தெரியாது. கம்பெனி தெரியாது. ஆறு வாரம், ஏழு வாரம், அவர் மனைவிக்குப் பிடித்த நிறம்கூடத் தெரியும், தெருப் பெயர் தெரியாது! ஆஸ்பத்திரியில் அது கீழேயிருந்து தானாக எழுதி வரும். அவள் கேட்டுப் பழக்கமே இல்லை. கண்ணை இறுக்கி மூடி யோசித்தாள். "பழைய நூலகத்து லிப்டை அவர்தான் பாத்துக்கறார். அது ஒரு முசுடுன்னு சொல்லிச் சிரிப்பார்."

நூலகத்துக்குப் போன் போட்டார்கள். எடுத்த காவலாளி, லிப்டுக்குள் போய்த் தகட்டில் இருக்கிற லிப்ட் கம்பெனி நம்பரைப் படிக்கச் சொன்னதும், "லிப்ட் நல்லாத்தானே ஓடுது?" என்று ஆராய்ச்சி செய்தார். கெஞ்சி, அதட்டி, நம்பரை வாங்கினார்கள்.

"நீங்களே பேசுங்கக்கா" என்றாள் குட்டைமுடி. "உங்களைத் தெரிஞ்சவர் அவர். நான் பக்கத்துலயே இருக்கேன். தேவையானதை மட்டும் சொல்லுங்க. உள்ள பேசினது எதுவும் வேணாம்."

"ரகசியம்னு வாக்கு கொடுத்திருக்கேனே."

"உயிருக்கு ஆபத்துன்னா அந்த வாக்கு நிக்காதுன்னு முதல் நாளே சொல்லியிருப்பீங்கல்ல?"

நல்லவேளை, அதையாவது சொல்லியிருந்தாள்.

மறுமுனையில் ஒரு பெண், எழுதி வைத்துப் படிப்பதுபோல், "பதற்றப்படாதீங்க. எந்த மாடியில சிக்கியிருக்கீங்க?" என்றாள். மூணாம் நம்பர் அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் சிக்கலைம்மா. உங்ககிட்ட வேலை செய்யற ஒருத்தர்..." என்று ஆரம்பித்து, பெயரைச் சொல்லி, தான் யார் என்று சொல்லி, "அவர் உயிருக்கு ஆபத்து இருக்கலாம்னு பயப்படறேன். அவர் வீடு எங்கன்னு எனக்குத் தெரியணும்" என்று ஒரே மூச்சில் முடித்தாள். அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். லிப்ட்காரர் நாளையிலிருந்து விடுப்பு கேட்டிருந்தார் என்றார்கள். இன்று காலையில் வரவில்லை என்றார்கள். விலாசம் வந்தது, அவர் தங்கையின் நம்பரும் வந்தது. குட்டைமுடி இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்கு விலாசத்தைச் சொன்னாள். மூணாம் நம்பர் அக்கா அந்தத் தங்கைக்குப் போட்டாள். தங்கை, "அய்யோ, அண்ணன் முந்தாநாள் வந்து என் பிள்ளைங்களை எல்லாம் கட்டிப்பிடிச்சுட்டுப் போச்சே" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அந்த ஓட்டம் போனிலேயே கேட்டது.

பிறகு நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடத்தை எப்படிச் சொல்வது? நாற்காலியில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. போனை மடியில் வைத்தாள், மேசையில் வைத்தாள், மறுபடி கையில் எடுத்தாள். கீழே தெருவில் ஏதோ ஒரு வண்டியின் சைரன் கேட்டபோது இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள், அந்த வீடு இருப்பது ஊரின் இன்னொரு மூலையில் என்று தெரிந்தும். கதவருகே அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் திரும்பத் திரும்ப வந்தது. போகிறவர் ஏன் நின்றார்? எதற்காக நின்றார்? 'நல்ல முன்னேற்றம்' என்று கோடு போட்ட கையை வெட்டி எறியலாம் போலிருந்தது.

"போயிட்டாருன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

"தெரியலைக்கா" என்றாள் குட்டைமுடி. "எதுவா இருந்தாலும் நீங்க தனியா வீட்டுக்குப் போக மாட்டீங்க. அது மட்டும் தெரியும்." பார்த்தால் அவளும் பேனாவின் மூடியைக் கடித்து நசுக்கியிருந்தாள்.

போன் அடித்தது. தங்கை. அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. "இருக்கார்... உயிரோட இருக்கார்... கதவை ஒடைச்சுத்தான் உள்ள போனாங்க. உக்காந்திருந்தார். ஒண்ணும் பண்ணிக்கல. மேசைமேல நாலு கடிதம் இருக்கு..."

மூணாம் நம்பர் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். குட்டைமுடியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக மறைத்து வைத்திருந்த அத்தனையையும் அன்று அந்தத் தரையிலேயே சொன்னாள். பாதியில் எழுந்து போனவர், வாய் திறக்காதவர், படிச் சத்தத்துக்குப் பயந்தது, எல்லாவற்றையும். "அவர் தேறிட்டார்னு நான் நம்ப ஆசைப்பட்டேன்" என்றாள். "தவறாம வர்றது அவர் ஒருத்தர்தான். அவரும் தேறலைன்னா நான் எதுக்கு இந்த அறையில உக்காந்திருக்கேன்னு தோணுச்சு."

"முதல் வருஷம் எனக்கும் அப்படித்தான் தோணும்" என்றாள் அவள். "இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமேக்கா. அதுக்குத்தானே இந்த ஒரு மணி நேரம்."

அவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மருந்து கொடுத்தார்கள், பக்கத்திலேயே ஆள் இருந்தது. வெளியே வந்த பிறகு டாக்டரிடமும் போக வேண்டும், ஆலோசகரிடமும் போக வேண்டும் என்றார்கள். யாரிடம் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, கண்ணாடிக் கடை மாடிக்கே போகிறேன் என்றாராம். தங்கை சொன்னபோது அவளுக்கு சந்தோஷமா வந்தது? பயம்தான் வந்தது. வேறு யாரிடமாவது அனுப்பிவிடலாமா என்று குட்டைமுடியிடம் கேட்டாள். அனுப்பலாம், தப்பில்லை, ஆனால் எதற்காக அனுப்புகிறோம் என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றாள் அவள். இரண்டு வியாழக்கிழமை அதைப் பற்றியே பேசினார்கள். கடைசியில் வரச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு வந்தார். இப்போது அவரைத் தன் வீட்டில் வைத்திருக்கும் தங்கை கீழே கடையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இளைத்திருந்தார். உட்கார்ந்ததும் காகிதப் பெட்டியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"உங்கமேல கோவமா இருக்கேன் மேடம்" என்றார்.

"சொல்லுங்க."

"கதவை ஒடைக்க வெச்சதுக்கு இல்ல. அன்னைக்குப் பையைக் கொடுத்துட்டேன்னு சொன்னேன்ல, ஏன்னு கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. போறப்போ கதவுகிட்ட நின்னேன். அப்பவாவது கேப்பீங்கன்னு நின்னேன். உங்க முகம் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

அவளுக்கு முகம் எரிந்தது. சமாதானம் சொல்ல நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டாள். "நான் கேட்டிருக்கணும்" என்றாள். "கேக்காதது என் தப்பு. இப்போ கேக்கறேன். சாகணும்ங்கற நெனப்பு இப்பவும் இருக்கா?"

"இருக்கு" என்றார். "நேத்துகூட வந்துச்சு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, ஏதாவது செய்துகொள்ள யோசித்தாரா, வந்ததும் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தங்கையை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொன்னதாகச் சொன்னார். மறுபடி வந்தால் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்று இரண்டு பேருமாக எழுதினார்கள். மணி முடிகிற நேரம். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அவள் முகத்தையே பார்த்தார்.

"பயந்துட்டீங்களா மேடம்?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. "ஆமாங்க. ரொம்பவே."

"அப்போ நான் போனதும் என்ன பண்ணுவீங்க? தனியா உக்காந்து பயப்படுவீங்களா?"

"இல்ல. எனக்கு ஒருத்தர் இருக்காங்க. வாராவாரம் போய்ச் சொல்லுவேன். முடியலைன்னா இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லுவேன். உங்க பேரைச் சொல்ல மாட்டேன், என் பயத்தைச் சொல்லுவேன்."

"உங்களுக்கேவா?"

"எனக்குத்தாங்க."

லிப்ட்காரர் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் நாற்காலியை அரையடி முன்னால் இழுத்துப்போட்டு மறுபடி உட்கார்ந்தார். "நான் இவ்வளவு நாளா உங்களால தாங்க முடியற அளவுக்குத்தான் சொல்லிட்டிருந்தேன் மேடம்" என்றார். "இப்போ முழுசா சொல்றேன்."